பிறியஸ் 30: பின் டிஸ்க் இரண்டும் வீட்டில மாத்துறது

சுன்னாகத்தான் எழுதியது:

வணக்கம் அண்ணைமார்.

வாகனம் 2011 ரொயோட்டா பிறியஸ், 30 மொடல். பின்பக்கத்தில பிறேக் பிடிக்கேக்க கரகரவெண்டு உரசிற சத்தம். முந்தி காலமையில மட்டும் வந்து, கொஞ்சத் தூரம் ஓட நிண்டிடும். இப்ப நாள் முழுக்க இருக்கு. இடப்பக்க டிஸ்க்கின்ர வெளிமுகத்தில ஒரு விரல் அகலத்துக்குத்தான் மினுக்கம். மேலயும் கீழயும் கறள், நகத்தால தடவினால் குழி தெரியுது. வலப்பக்கம் அவ்வளவு மோசமில்லை. வெளியால தெரியிற பிறேக் பாட்டில (டிஸ்க்கில உரசிப் பிடிக்கிற கட்டை) தடிப்பு இன்னும் நல்லாய் இருக்கு. கூடுதலாய் ஓடுறது காரைநகர்ப் பாதையில.

கேக்க வேண்டியது இதுகள்தான். லேத்தில குடுத்து முகம் வெட்டினால் காணுமோ, புதுசுதான் போட வேணுமோ? இடப்பக்கம் மட்டும் மாத்தலாமோ? பின் பிறேக்கில பாட்டைத் தள்ளுற பிஸ்ரனை ஜி கிளாம்ப் போட்டு அமத்தலாமோ? ஹைபிறிட் எண்டபடியால் பற்றறிப் பக்கம் ஏதும் கவனிக்க இருக்கோ? ஜக், ரெண்டு ஸ்ராண்ட், சொக்கற் செற் கையில இருக்கு. ரோர்க் றெஞ்ச் (அளவு பார்த்து இறுக்கிற சாவி) இரவல் எடுக்கலாம்.

—

வல்லைவெளி எழுதியது:

தம்பி, சாமான் வாங்க முன்னம் ரோச் ஒண்டு அடிச்சு இடப்பக்க டிஸ்க்கின்ர உள்முகத்தைப் பாருங்கோ. வெளிமுகம் கறள் பிடிச்சு, உள்முகம் முழுக்க மினுங்கிக்கொண்டு இருந்தால் கலிப்பர் (பாட் ரெண்டையும் டிஸ்க்கில அமத்திற பிடி) வழுக்கிற ஊசி இறுகிப் போச்சு எண்டு அர்த்தம். பின் கலிப்பரில பிஸ்ரன் ஒண்டுதான், அதுவும் உள்பக்கம். அது உள் பாட்டைத் தள்ள, முழுக் கலிப்பரும் ஊசியில வழுக்கி வந்து வெளிப் பாட்டை இழுத்து அமத்தவேணும். ஊசி இறுகினால் வெளிப் பாட் சும்மா தொட்டுக்கொண்டு நிக்கும், அந்த முகத்தில கறள் ஏறும். உள் பாட் மட்டும் தேயும். வெளியால பார்த்து "பாட் இருக்கு" எண்டு நினைக்கிறதுக்கும் இதுதான் காரணம். உள் பாட் தகட்டுக்கு வந்திருக்கக்கூடும், முதல் அதைப் பாருங்கோ.

ரெண்டு முகமும் ஒரே மாதிரிக் கறள் எண்டால் அது பாவிப்புக் குறைவு. ஹைபிறிட்டில மெதுவாய்ப் பிறேக் மிதிக்கேக்க பெரும்பாலான வேகத்தை மோட்டர்தான் குறைச்சுப் பற்றறிக்கு அனுப்புது. டிஸ்க்குக்கு வேலை வாறது கடைசியில நிண்டுபோற நேரமும், திடீரெண்டு மிதிக்கேக்கயும்தான். அதிலயும் பின்பக்கத்துக்குக் கிடைக்கிறது சொற்பம். யாழ்ப்பாணத்தில ஏற்ற இறக்கமும் இல்லை. பண்ணைப் பாலம், காரைநகர்ப் பாதை, வல்லைவெளி எண்டு ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணி. பாட் உரசித் துடைக்க வேண்டிய கறள் துடைபடாமல் நாளுக்கு நாள் உள்ள இறங்கும். எங்கட ஊரில ஹைபிறிட்டின்ர பின் டிஸ்க் தேய்ஞ்சு முடியிறது அருமை, கறள்தான் முடிக்கும். இதை மனதில வச்சால்தான் புது டிஸ்க் போட்டும் பிரயோசனம். ஊசியையும் கலிப்பரில இருக்கிற பார்க்கிங் பிறேக் நெம்பையும் பார்க்காமல் டிஸ்க்கை மட்டும் மாத்தினால் புதுசும் இதே கதிக்கு வரும்.

மூண்டாவது சோதனை: கொஞ்சத் தூரம் பிறேக் பெரிசாய்ப் பாவியாமல் ஓடிப்போட்டு நிப்பாட்டி, ரெண்டு பின் சில்லு றிம்முக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கோ. தொடவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வெக்கை அடிச்சால் அந்தப் பக்கம் பிறேக் விடுபடாமல் பிடிச்சுக்கொண்டு இருக்கு. 30 மொடலில கால் பார்க்கிங் பிறேக்கின்ர கேபிள் நேரே கலிப்பரில இருக்கிற நெம்பைத்தான் இழுக்குது. அந்த நெம்பு கறளில இறுகித் திரும்பி வராமல் நிண்டால் இப்பிடி வரும்.

லேத் விசயம். உந்த டிஸ்க் காற்று ஓட்டை இல்லாத தனித் தகடு. புதுசில தடிப்பு 9 மில்லிமீற்றர், 7.5க்குக் கீழ போகக் கூடாது. அந்த அளவு டிஸ்க்கிலயே அடிச்சிருக்கும், உங்கட டிஸ்க்கில என்ன அடிச்சிருக்கோ அதுதான் முடிவு. முழுத் தேய்மானத்துக்கும் விட்ட இடம் 1.5 மில்லிமீற்றர். இப்ப 8.6 நிக்குது எண்டு வையுங்கோ. நகத்தில படுற குழியை எடுக்க ஒரு முகத்துக்கு 0.4 வெட்டினால் 7.8. மிச்சம் 0.3தான், அடுத்த முறை கறள் பிடிக்க எறியத்தான் வேணும். வெட்டுக்கூலியும் கழட்டிப் பூட்டிற வேலையும் ரெண்டு தரம். என்னைக் கேட்டால் தனித் தகட்டு டிஸ்க்கை லேத்துக்குக் கொண்டுபோகவேண்டாம்.

தடிப்பு அளக்கேக்க வேர்ணியரின்ர அலகு ஓரத்துக் கறள் வரம்பில ஏறி நிண்டு கூடக் காட்டும். ஒரே மாதிரி நாணயம் ரெண்டை ரெண்டு முகத்திலயும் வச்சு அளந்து, பிறகு நாணயத் தடிப்பைக் கழிச்சுப் பாருங்கோ.

ஒரு பக்கம் மட்டும் மாத்தவேண்டாம். டிஸ்க் ரெண்டும், பாட் நாலும் சேர்த்து. பழைய பாட்டின்ர முகம் பழைய டிஸ்க்கின்ர வரம்புக்கு ஏத்த மாதிரித் தேய்ஞ்சிருக்கும். புது டிஸ்க்கில அது அங்கொண்டு இங்கொண்டாய்த்தான் தொடும்.

வாங்கேக்க சேசி நம்பரைக் குடுத்து வாங்குங்கோ. பிறியஸ் அல்பாவின்ர டிஸ்க் வேற, கடையில ரெண்டையும் "பிறியஸ்" எண்டுதான் எடுத்துத் தருவினம். தொப்பியும் (டிஸ்க்கின்ர நடுவில மேடாய் நிக்கிற பகுதி) ஓரமும் சாம்பல் நிறப் பூச்சுப் பூசின டிஸ்க் கிடைச்சால் கொஞ்சம் விலை கூட எண்டாலும் அதை எடுங்கோ. எங்கட உப்புக் காத்துக்கு அது காசுக்கு மோசமில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பஸ்ஸில வந்த பெட்டி எண்டால் கடையில வச்சே திறந்து ஓரத்தைத் தடவிப் பாருங்கோ. கீழ விழுந்த டிஸ்க்கில ஓரம் உடைஞ்சிருக்கும். குறைஞ்ச தடிப்பு அளவு அடிக்காத டிஸ்க்கைத் திருப்பிக் குடுங்கோ.

—

ஸ்பனர்14 எழுதியது:

மேல சொன்னதோட ஒத்துப்போறன். செய்முறையை நான் எழுதிறன், கொஞ்சம் நீளும்.

முதல் ஹைபிறிட் விசயம், ஏனெண்டால் கை நசியிறது இதிலதான். இந்தக் காரில பிறேக் அழுத்தத்தை மின் பம்ப் ஒண்டு உண்டாக்கி வச்சிருக்கு. காரை ஓவ் பண்ணி இருந்தாலும் சாரதிக் கதவைத் திறக்க, இல்லாட்டிப் பிறேக் பெடலைத் தொட, அது முழிச்சு "சொர்ர்" எண்டு ஓடும். கலிப்பரைக் கழட்டித் தொங்கவிட்ட நேரம் வீட்டுப் பிள்ளையள் கதவைத் திறந்தால் பிஸ்ரன் வெளிய வரலாம், பாட்டுக்கு இடையில விரல் இருந்தால் போச்சு. அதனால ஒழுங்கு இப்பிடி: காரை மட்டமான இடத்தில விட்டு, கியரைப் பி-யில (பார்க்) போட்டு, பார்க்கிங் பெடலை விடுவிச்சு, ஓவ் பண்ணுங்கோ. சாவியை வீட்டுக்குள்ள தூரமாய்க் கொண்டுபோய் வையுங்கோ. பின் டிக்கிக் கதவைத் திறந்து, வலப்பக்க மூலையில இருக்கிற 12 வோல்ட் பற்றறியின்ர நெகடிவ் வயரைக் கழட்டித் துணியால சுத்தி விடுங்கோ. அதுக்குப் பிறகு டிக்கிக் கதவை மூடவேண்டாம். அந்தப் பூட்டு மின்சாரத்தில வேலை செய்யிறது, மூடினால் பின் சீற்றால ஊர்ந்து போய்த்தான் திறக்கவேணும். உயர் மின்னழுத்தம் ஓடுற செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடத் தேவையில்லை, இந்த வேலை அதுக்குக் கிட்டவும் போகாது. ஜக்கை மட்டும் அது ஓடுற அடித்தளத்தில வைக்காதேங்கோ.

பி போட்டால் பூட்டுப்படுறது முன் சில்லு மட்டும். அதனால பின்பக்கம் சுத்தும், அது வசதி. ஆனால் முன் சில்லு ரெண்டுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை வைக்கவேணும். சில்லு நட்டை நிலத்தில நிக்கேக்கயே கால் சுத்து இளக்கிப்போட்டு ஜக்கை ஏத்துங்கோ, சொக்கற் 21. கீழ் விளிம்பில சில்லுக்குக் கிட்ட ரெண்டு வெட்டு இருக்கும், ஜக் வைக்கிற இடம் அதுக்கு நடுவில. செம்மண் முத்தம் எண்டாலும் மணல் எண்டாலும் ஜக்குக்கும் ஸ்ராண்டுக்கும் கீழ ரெண்டு அங்குலப் பலகை போடாமல் ஏத்தவேண்டாம். மழை பெஞ்ச நிலத்தில ஸ்ராண்டின்ர கால் ஒரு பக்கமாய் இறங்கும். சீமெந்துக் கல்லை முட்டுக் குடுக்கிறதை அடியோட மறந்திடுங்கோ. அது வெடிக்கிற நேரம் முன்னறிவிப்பு ஒண்டும் தராது. கழட்டின சில்லைப் படுக்கையாய்க் காருக்குக் கீழ தள்ளி விடுங்கோ.

ஒரு பக்கத்தை முடிச்சுப்போட்டு மற்றப் பக்கம் போங்கோ. தகடு எந்தப் பக்கம், ஊசி எது எண்டு சந்தேகம் வந்தால் மற்றப் பக்கத்தைப் பார்த்துக் கொள்ளலாம்.

தூசியைக் கொம்பிறெசரால ஊதாதேங்கோ. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால துடையுங்கோ.

கலிப்பரைப் பிடிக்கிற ஊசிப் போல்ட் ரெண்டையும் கழட்டினால் கலிப்பர் வெளிய வரும். சொக்கற் 14, 17 ரெண்டும் கிட்ட வச்சிருங்கோ. கலிப்பரைப் பிறேக் ஹோசில தொங்க விடவேண்டாம், ஸ்பிறிங்கில கம்பி கட்டிக் கொழுவுங்கோ. ஹோசைக் கழட்டத் தேவையே இல்லை. அதைத் திறந்தால் காத்து ஏறும், இந்தக் காரில அந்தக் காத்தை எடுக்க ஸ்கானர் (காரின்ர கம்பியூட்டரில கொழுவிற கருவி) வேணும். பிறகு பாட் ரெண்டையும் எடுத்து, பாட் இருக்கிற தாங்கியின்ர போல்ட் ரெண்டையும் பின்பக்கத்தால கழட்டுங்கோ. தாங்கி வராமல் டிஸ்க் வராது.

டிஸ்க்கைப் பிடிச்சிருக்கிற ஸ்குறூ ரொயோட்டாவில இல்லை, கறள்தான் பிடிச்சிருக்கும். தொப்பியில மரை வெட்டின ஓட்டை ரெண்டு இருக்கும், எம்8, மரை இடைவெளி 1.25. 40 மில்லிமீற்றர் நீளப் போல்ட் ரெண்டை அதில விட்டு மாறி மாறி அரைச் சுத்து இறுக்க, டிஸ்க் தானாய்க் கிளம்பும்.

இனி வேலையின்ர முக்கியமான கட்டம், பலர் அவசரப்படுற கட்டமும் இதுதான். டிஸ்க் எடுத்த பிறகு தெரியிற ஹப்பின்ர (டிஸ்க்கும் சில்லும் ஏறி நிக்கிற நடுப்பகுதி) முகத்தை வயர் பிறஷ்ஷாலும் அரத்தாளாலும் உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்யுங்கோ. சில்லு நட்டு ஏறுற ஒவ்வொரு ஸ்ரட்டின்ர அடியிலயும், நடு வளையத்திலயும். அங்க ஒரு துளி கறள் செதில் இருந்தால் டிஸ்க் சரிவாய் உக்காரும், அந்தச் சரிவு ஓரத்துக்குப் போகேக்க பெருகும். முதல் நாள் ஒண்டும் தெரியாது. ஓட ஓட, சுத்துக்கு ஒருக்கா பாட் ஒரே இடத்தில தட்டித் தட்டி அந்த இடத்தை மெல்லிசாக்கும். ரெண்டு மூண்டாயிரம் கிலோமீற்றரில பெடல் துடிக்கத் தொடங்க, "டிஸ்க் வளைஞ்சு போச்சு, மலிவுச் சாமான்" எண்டு கடையைத் திட்டுவினம். டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கிற முள்ளுக் கருவி) இருந்தால் ஓரத்தில இருந்து 10 மில்லிமீற்றர் உள்ள வச்சு, டிஸ்க்கை அஞ்சு நட்டாலும் இறுக்கிச் சுத்திப் பாருங்கோ. 0.15 மில்லிமீற்றருக்குள்ள நிக்கவேணும். கூட எண்டால் டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுத் திரும்ப அளவுங்கோ, பெரும்பாலும் சரிவரும்.

சுத்தம் செய்த ஹப் முகத்தில கிறீஸ் அள்ளிப் பூசவேண்டாம். நடு வளையத்தில மட்டும் துணியால தொட்டுத் தடவின அளவுக்குச் செப்புக் கிறீஸ். ஸ்ரட் மரையில ஒண்டும் வேண்டாம். அதில எண்ணெய் பட்டால் ரோர்க் றெஞ்ச் காட்டுற அளவை விடக் கூட இறுகும்.

புது டிஸ்க்கில கறள் பிடியாமல் எண்ணெய் பூசி வந்திருக்கும். பிறேக் கிளீனரால ரெண்டு முகத்தையும் துணி வெள்ளையாய் வரும் வரை துடையுங்கோ. கிளீனர் கிடைக்காட்டிச் சுடுதண்ணியும் பாத்திரம் கழுவிற சவர்க்காரமும் காணும், உடனே ஈரம் துடையுங்கோ. மண்ணெண்ணெய், பெற்றோல் வேண்டாம். பின்னால எண்ணெய்ப் படலம் விடும், பெற்றோல் தீ ஆபத்தும்.

ஊசி ரெண்டையும் இழுத்து எடுங்கோ. ஒண்டில நுனியில றப்பர் வளையம் இருக்கும். அது எந்த ஓட்டையில இருந்ததோ அதிலதான் திரும்பப் போகவேணும், மாத்தினால் அடிக்கடி இறுகும். ஓட்டைக்குள்ள பழைய கிறீஸ் கறுத்துக் கட்டியாய் இருந்தால் துணி சுத்தின கம்பியால துடையுங்கோ. சிலிக்கன் பிறேக் கிறீஸ் மட்டும் போடுங்கோ, அதுவும் கொஞ்சம். சில்லுப் பெயாரிங்குக்குப் போடுற கிறீஸ் போட்டால் றப்பர் ஊதும், ஊதினால் ஊசி வழுக்காது. ஊசியில குழி விழுந்திருந்தால் புது ஊசி. தாங்கியில பாட் காது ஓடுற தகட்டுக்குக் கீழயும் கறள் ஏறி, தகட்டை உயர்த்திப் பாட்டை இறுக்கும். தகட்டைக் கழட்டி அந்த இருக்கையை அராவி விடுங்கோ. புதுப் பாட் கையால தள்ள வழுக்கவேணும்.

பிஸ்ரன்: ஜி கிளாம்ப் வேண்டவே வேண்டாம். இதுக்குள்ள பார்க்கிங் பிறேக்குக்கான திருகு இருக்கு. நேரே அமத்தினால் உள்ள போகாது, மிஞ்சி அமத்தினால் திருகு உடைஞ்சு புதுக் கலிப்பர்தான். வலஞ்சுழியாய்த் திருகித்தான் உள்ள அனுப்பவேணும். அதுக்கு எண்டே கருவி விக்குது. திருகேக்க தூசி றப்பர் பிஸ்ரனோட சேர்ந்து முறுகினால் நிப்பாட்டி, றப்பரின்ர உதட்டைச் சிலிக்கன் கிறீஸ் தொட்ட விரலால விடுவிச்சுப் பிறகு திருகுங்கோ. உள்ள போனதும் ஒரு வேலை மிச்சம்: பிஸ்ரன் முகத்தில இருக்கிற வெட்டும், உள் பாட்டின்ர முதுகில இருக்கிற சின்னக் குமிழும் சந்திக்கவேணும். குமிழ் வெட்டுக்குள்ள இறங்காட்டிப் பாட் சரிஞ்சு நிக்கும், பிஸ்ரனும் பாட்டில பிடிபடாமல் சுத்தும். தேய்மானத்துக்கு ஏத்த மாதிரித் தானாய் நெருங்கிற வேலை அதோட நிண்டிடும்.

பூட்டேக்க போல்ட் மரையைத் துடைச்சு, முதல் கையால நாலு சுத்து ஓடவிட்டுப் பிறகு இறுக்குங்கோ. தாங்கிப் போல்ட், ஊசிப் போல்ட் ரெண்டுக்கும் உங்கட சேசிக்குரிய கையேட்டு அளவைப் பாவியுங்கோ, ஊசிப் போல்ட் சின்னன், கண்மதிப்பில இறுக்கினால் முறியும். சில்லு நட்டு 103 நியூட்டன் மீற்றர், நட்சத்திர ஒழுங்கில, சில்லு நிலத்தில தொட்ட பிறகு.

—

சுன்னாகத்தான் எழுதியது:

மெத்தப் பெரிய நன்றி. பார்த்தன், வல்லைவெளி அண்ணை சொன்ன மாதிரியேதான். உள் பாட் மூண்டில ஒரு பங்குதான் மிச்சம், மேல் ஊசி அசையேல்லை. ரெண்டு சந்தேகம். எம்8 போல்ட் ரெண்டும் இறுகி நிக்குது, டிஸ்க் அசையுதில்லை, இன்னும் இறுக்கலாமோ? மற்றது, இடப்பக்கப் பிஸ்ரனை வலஞ்சுழியாய்த் திருகிறன், சுத்துது, ஆனால் உள்ள போகுதில்லை.

—

ஸ்பனர்14 எழுதியது:

போல்ட்டை இன்னும் இறுக்கவேண்டாம், மரை உரியும். போல்ட் அந்த இறுக்கத்தில இருக்கட்டும். கறள் இளக்கிற எண்ணெயை நடு வளையத்தைச் சுத்தியும் ஸ்ரட் அடியிலயும் அடிச்சு அரை மணித்தியாலம் விடுங்கோ. பிறகு ஸ்ரட்டுக்கு இடையில தொப்பியின்ர முகத்தில மரத்துண்டு வச்சுச் சுத்தியலால தட்டுங்கோ, சுத்தி வந்து தட்டுங்கோ. அந்த அதிர்வோடதான் கறள் விடும். பின்பக்கத்தால டிஸ்க் ஓரத்தில ஓங்கி அடிக்காதேங்கோ. ஹப் பெயாரிங்கில ஏபிஎஸ் சென்சர் சேர்ந்திருக்கு, அடி அங்கதான் போகும். விளக்கு எரியத் தொடங்கினால் டிஸ்க்கை விட அது செலவு.

பிஸ்ரன் சுத்தியும் போகாட்டி, திருகிற அதே நேரம் அமத்தமும் வேணும். வெறும் நாலு முனைக் கட்டையைச் சொக்கற்றில போட்டுத் திருகினால் சில நேரம் நிண்ட இடத்திலயே சுத்தும். பின்னால தகடு வச்சு, திருகத் திருகத் தள்ளிக்கொண்டு போற கருவிதான் சரி. அதுக்கும் போகாட்டி நெம்பைப் பாருங்கோ. கேபிளைக் கழட்டி நெம்பைக் கையால இழுத்து விட, அது ஸ்பிறிங் விசையில "டக்" எண்டு தடுப்பில முட்டித் திரும்பவேணும். அரைவழியில நிண்டால் உள்ளுக்க கறள். எண்ணெய் அடிச்சு அசைச்சு விட்டால் ரெண்டு மாசம் ஓடும், பிறகு திரும்ப இறுகும். நெம்பின்ர சீலால உப்புத் தண்ணி உள்ள போயிட்டுது எண்டால் கலிப்பரை மாத்துறதுதான் நிரந்தரம். அப்ப ஹோஸ் கழட்டவேண்டி வரும், அதை ஸ்கானர் இருக்கிற கராச்சில குடுங்கோ. இந்தக் காரில ஹோஸ் திறக்கிற வேலையை வீட்டில செய்யச் சொல்லி நான் சொல்லமாட்டன்.

நெம்பு நல்லாய்த் திரும்பி, கேபிளைக் கொழுவினதும் தடுப்பில முட்டாமல் நிண்டால் பிழை கேபிளில. உறைக்குள்ள கறள் பிடிச்சிருக்கும்.

—

நல்லூர்வடக்கு எழுதியது:

இடையில வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. ஹொண்டா வெசல் ஹைபிறிட்டுக்கும் இதே முறைதானோ?

—

வல்லைவெளி எழுதியது:

இல்லை. வெசலில பார்க்கிங் பிறேக் சுவிச்சில, கலிப்பரிலயே மோட்டர் இருக்கு. முதல் ஸ்கானரால அந்த மோட்டரைச் சேவை நிலைக்குப் பின்வாங்கச் செய்யவேணும். அது செய்யாமல் பிஸ்ரனைத் திருகவோ அமத்தவோ போனால் மோட்டர்ப் பல்லு உடையும். பின்வாங்கின பிறகு பிஸ்ரன் நேரே உள்ள போகும், திருகல் இல்லை. வேலை நடக்கேக்க ஒருத்தரும் அந்தச் சுவிச்சைத் தொடக் கூடாது.

மற்ற வித்தியாசம், ஹொண்டாவில டிஸ்க்கை ஹப்போட ரெண்டு நட்சத்திர ஸ்குறூ பிடிச்சிருக்கும். சாதாரண ஸ்குறூ டிறைவர் போட்டால் தலை உரியும். சுத்தியலால தட்டத் திரும்பிற இம்பக்ற் டிறைவர் எடுங்கோ. உரிஞ்சால் தலையைத் துளைச்சு எடுத்தாலும் பிழை இல்லை. டிஸ்க்கை உண்மையில பிடிச்சிருக்கிறது சில்லு நட்டுத்தான்.

—

கீரிமலைக்காத்து எழுதியது:

பூட்டி முடிச்ச பிறகு செய்ய வேண்டியதை ஒருத்தரும் எழுதேல்லை, நான் சேர்க்கிறன்.

பற்றறி வயரைக் கொழுவி, காரை றெடிக்கு (ஓடத் தயார் எண்டு காட்டுற நிலை) கொண்டுவந்து, பெடலை மெதுவாய் முழுசாய்ப் பல தரம் மிதியுங்கோ. முதல் ரெண்டு மூண்டு மிதி ஆழமாய்ப் போகும், பிறகு உயரும். அதுக்குப் பிறகுதான் பார்க்கிங் பெடல். தலைகீழாய்ச் செய்தால் பார்க்கிங் பெடல் அடிமட்டம் போகும், உடனே கேபிளை இறுக்க மனம் வரும். இறுக்கினால் பாட் விடுபடாமல் உரசும். கழட்ட முன்னம் பார்க்கிங் பெடல் எத்தனை "கிளிக்"கில பிடிச்சது எண்டு எண்ணி எழுதி வையுங்கோ. பிறேக் பெடல் உயர்ந்த பிறகு அந்தக் கணக்குக்குக் கிட்ட வந்திருந்தால் கேபிளைத் தொடத் தேவையில்லை.

பிறேக் ஒயில் மட்டத்தையும் றெடி நிலையில பாருங்கோ. இந்தக் காரில அழுத்தம் சேமிக்கிற கலன் வெறுமையாய் இருக்கேக்க மட்டம் உயர்ந்து காட்டும். கூட இருக்கு எண்டு உறிஞ்சி எடுத்தால், பம்ப் நிரப்பினதும் குறைஞ்சு போகும். பெயின்றில சிந்தினால் தேய்க்காமல் உடனே தண்ணி ஊத்துங்கோ.

சில்லு பூட்ட முன்னம் டிஸ்க்கைக் கையால ஒரு சுத்துச் சுத்தி, பின்னால இருக்கிற தூசித் தகடு உரசுதோ பாருங்கோ. தாங்கியைக் கழட்டேக்க முழங்கை பட்டே அது வளையும். கையால நிமித்தினால் காணும்.

புதுப் பாட்டும் டிஸ்க்கும் ஒண்டில ஒண்டு படியப் பழக்கி எடுக்கிறது ஹைபிறிட்டில வேற மாதிரி. டி-யில (ஓட்டுற கியர்) ஓடி மெதுவாய்ப் பிறேக் பிடிச்சால் மோட்டர்தான் நிப்பாட்டும், பாட் டிஸ்க்கில படியவே படியாது. விடியப்புறம், பின்னால வாகனம் வராத நேரம், 50 அளவில போய் என்-க்கு (நியூட்ரல்) மாத்தி, மிதமாய்ப் பிடிச்சு 15க்கு இறக்குங்கோ. திரும்ப டி போட்டுக் கொஞ்சத் தூரம் ஆற விட்டு அடுத்தது. ஒரு இருபது தரம். முழுசாய் நிப்பாட்டிப் பெடலை அமத்திக்கொண்டு நிக்கவேண்டாம், சூட்டில பாட்டின்ர அச்சு டிஸ்க்கில ஒட்டும். என்-இல கனநேரம் ஓடவேண்டாம், அந்த நிலையில ஹைபிறிட் பற்றறி ஏறாது. முடிச்சு வந்து ரெண்டு பக்க வெக்கையையும் பாருங்கோ, ஏறக்குறைய ஒண்டாய் இருக்கவேணும். சில்லு நட்டை 100 கிலோமீற்றர் அளவில திரும்ப ஒருக்கா ரோர்க் றெஞ்சால தொட்டுப் பாருங்கோ.

இதே நியூட்ரல் முறையைக் கிழமைக்கு ஒருக்கா நாலைஞ்சு தரம் செய்தால் மேலோட்டமான கறள் குழியாய் இறங்க முன்னமே உரிஞ்சு போகும். உங்கட பழைய டிஸ்க்குக்குப் பிந்திப்போச்சு, புதுசுக்கு முதல் கிழமையில இருந்தே தொடங்குங்கோ.

கழுவிறது: காரைநகர் போய் வந்தால் சில்லுக்கு உள்பக்கம் நல்ல தண்ணி அடியுங்கோ. உவர்க் கிணத்துத் தண்ணியில கழுவிறதை விடக் கழுவாமல் விடலாம், உப்பை நாங்களே கொண்டுபோய்ப் பூசிறதாய் முடியும். கழுவினால் உடனே ஒரு சுத்து ஓடி, பிறேக் பிடிச்சுக் காயவிட்டுத்தான் நிப்பாட்டுங்கோ. ஈரத்தோட கராச்சுக்குள்ள விட்டால் அடுத்தநாள் பாட் நிண்ட இடம் மட்டும் அச்சுக் குத்தின மாதிரிக் கறள் இருக்கும்.

—

சுன்னாகத்தான் எழுதியது:

டிஸ்க் கழண்டுது, மரத்துண்டு தட்டல்தான் வேலை செய்தது. இடப்பக்க நெம்பு கேபிள் இல்லாமல் நல்லாய்த் திரும்புது, கேபிளைக் கொழுவினால் கொஞ்சம் மந்தம். கேபிளையும் இப்பவே மாத்தவோ?

—

ஸ்பனர்14 எழுதியது:

மந்தம் எண்டால் மாத்துங்கோ. கலிப்பர்ப் பக்க நுனியில றப்பர்த் தொப்பி கிழிஞ்சிருக்கும், உள்ள போன தண்ணி வெளிய வராது. இடம், வலம் கேபிள் வேறவேற, சேசி நம்பரோட பக்கத்தையும் சொல்லி வாங்குங்கோ. வந்து சேருற வரைக்கும் பார்க்கிங் பெடலை மிதியாமல் பி-யோட விட்டு, முன் சில்லுக்குக் கட்டை வையுங்கோ. எங்கட மட்டத் தரைக்கு அது காணும்.